பதினொன்றரை

நாடா, ஒரு விரல் அகலம்.
நனைந்தால் கிழியாது, எரித்தால்தான் போகும்.
குழந்தையின் இடது மேற்கையில் சுற்றிச்
சின்னத் துளையில் தெரியும் எண்ணைப் படிப்பது என் வேலை.
பதினொன்றரைக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்கு வாரம் பதினான்கு பொட்டலம் கடலைப் பசை.
மஞ்சளுக்கு இந்த மாதம் ஒன்றும் வரவில்லை.
பச்சைக்கு ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிவிடுவோம்.

ஸராஃப் ஆறு ஃபங்காக்கைத் தின்று
நாலு வருஷம் ஆகிறது.
மாடுகள் முதலில் போயின. பிறகு சோளம்.
பிறகு மாட்டுக்காகச் சண்டை போட்டவர்களும்.
மிச்சம், கையால் அள்ளி எழுப்பிய சேற்றுக் கரை,
அதன்மேல் ஒரு தார்ப்பாய்.
எந்த நாட்டுச் சபை அனுப்பியதோ,
பெயரில் பாதி வெயிலில் போய்விட்டது.
மீதிப் பாதியின் வழியாக
மழை ஒழுகுகிறது.

நியாபொத் இரண்டு நாள் படகில் வந்தாள்.
அல்லிக் கிழங்கு தோண்டித் தோண்டி
நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது.
இடுப்பில் தூப். போகிற வழியில் பிறந்தவன்,
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு வழி என்றே பொருள்.
வரிசையில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
ஜெபிக்கிறாள், நல்லது என்று நினைத்தேன்.
பக்கத்தில் வந்தபோது காதில் விழுந்தது:
குவோத், என் பிள்ளைக்குச் சிவப்பு கொடு.
கடவுளே, சிவப்பு.

பதினொன்று புள்ளி ஏழு.

அவள் அழவில்லை.
"இன்னும் எவ்வளவு குறைய வேண்டும்?" என்றாள்.
சோள மணியில் பாதி என்றேன்.
"அதற்கு எத்தனை நாள் பிடிக்கும்?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"அதுவரை இங்கேயே இருக்கிறேன்.
போய்த் திரும்பிவர இன்னொரு படகுக்கூலி இல்லை."
சேற்றில் பாயை விரித்து உட்கார்ந்தாள்,
மழை விடக் காத்திருப்பவளைப்போல.

அளவில் பொய் கூடாது என்று
ஞாயிறுதோறும் நான்தான் பிரசங்கிக்கிறேன்.
தராசு, நிறைகல், வியாபாரியின் கள்ளப்படி
எல்லாம் சொல்வேன். சபை தலையாட்டும்.
எங்கள் சபையில் வியாபாரி யாரும் கிடையாது.

"கையைக் கொண்டா, இன்னொரு தடவை பார்ப்போம்."
நாடாவைச் சுற்றினேன்.
கட்டைவிரல் கொஞ்சம் இழுத்தது.
தூப் வீறிட்டான்.
அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட,
கத்துவதற்குப் பலம் இருக்கிறதே.
பதினொன்று புள்ளி நாலு என்று எழுதினேன்.
நாலின் கால் கோணிக்கொண்டது.

மூப்பர் ரெபேக்கா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
மறுபடி குனிந்து எண்ணினாள்.
எண்ணிக்கொண்டே இருந்தாள்.
மூன்று பெட்டியை எண்ண
அவ்வளவு நேரம் ஆகாது.

மாலையில் நாணல் காட்டிலிருந்து இன்னொரு படகு.
பெண் குழந்தை. ஒன்பது புள்ளி எட்டு.
யாரும் எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை,
நாடா தானாகவே சிவப்புக்குள் ஓடியது.
அன்றைக்குப் பொட்டலம் இருந்தது, கொடுத்தேன்.
மாதக் கடைசியில்தான்
சரியாகப் பதினான்கு குறைந்தது.
அன்று வரிசையில் கடைசியாக இருந்தவன் பெயர் கெர்.
பதினொன்று புள்ளி ஒன்று.
விமானம் வந்ததும் வா என்று
அவன் தாயிடம் சொல்லி அனுப்பினேன்.
அவள் சரி என்றாள். படகைத் தள்ளினாள்.
கெர் என்று என் வேதாகமத்தின் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன்,
அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை.

கடல்கடந்து கடிதம் வந்தது:
உள்ளத்தைத் தொடும் சாட்சி ஒன்று அனுப்புங்கள், படத்துடன்.
தூப்பின் படத்தை அனுப்பினேன்.
கன்னம் வைத்துவிட்டது. பன்னிரண்டு புள்ளி ஆறு.
பச்சையைப் பார்த்ததும்
நியாபொத்தின் முகம் சுருங்கியதை எழுதவில்லை.

விமானம் வந்துவிட்டது. கெரின் படகு வரவில்லை.
பதினான்கு பொட்டலத்தைத் துணியில் முடிந்து தனியே வைத்தேன்.
காலையில் பார்த்தால் அது
கூரைக் கழியில் கயிறு கட்டித் தொங்குகிறது,
எலிக்கு எட்டாத உயரத்தில்.
ரெபேக்காவிடம் நான் எதுவும் சொன்னதில்லை.